தரை காயட்டும்

அந்தப் பிரசவ வார்டில் துப்புரவு வேலை பார்த்த அக்காவுக்கு யாரோ வைத்த பெயர் சிடுமூஞ்சி. வைத்தவர் யாராக இருந்தாலும் தெரிந்துதான் வைத்திருக்கிறார். காலை ஏழு மணிக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வரும்போதே, ஏதோ ஒரு சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு வந்த மாதிரி இருக்கும் முகம். "காலைத் தூக்கு", "செருப்பை எடு", "இது ஆஸ்பத்திரியா, சந்தைக்கடையா" என்ற மூன்று வாக்கியங்களை வைத்தே பாதி நாளை ஓட்டிவிடுவார். பத்தொன்பது வருஷம் அதே வார்டு. அவர் சிரித்துப் பார்த்ததில்லை என்று நர்சுகள் சொல்வார்கள். நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். இரண்டு தடவையும் யாரோ வழுக்கி விழுந்திருந்தார்கள்.

எனக்கும் அவருக்கும் பழக்கமாகிப் பதினோரு வருஷம் ஆகிறது. நான் பேருந்து நிலையத்தில் விசாரணை கவுண்டரில் உட்கார்கிறவள். ஒரு கண்ணாடி, அதில் ஒரு ஓட்டை, அந்த ஓட்டை வழியாக நாள் முழுக்கக் கேள்வி. தலைக்கு மேலே பலகையில் முழ நீள எழுத்தில் எழுதியிருப்பதைத்தான் என்னிடம் கேட்பார்கள். "ஆறு பத்து வண்டி எத்தனை மணிக்கு?" என்றுகூட ஒருவர் கேட்டிருக்கிறார். அதனால் எனக்கும் வாய் கொஞ்சம் நீளம்தான், மறைக்கவில்லை. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இதுவரை ஒருவரையும் அனுப்பியதில்லை. திட்டிக்கொண்டாவது சொல்லிவிடுவேன்.

அக்காவை முதன்முதலாகப் பார்த்த நாளில் எனக்கு இருந்தது ஒரே ஒரு கேள்வி. அதற்குப் பதில் சொல்ல அந்த ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

எனக்கு ஆறு மாதம் முடிகிற நேரம். வயிற்றில் காலையிலிருந்து அசைவே இல்லையே என்று ஸ்கேன் எடுக்கப் போனேன். ஸ்கேன் எடுத்த பெண் திரையை என் பார்வையிலிருந்து மெதுவாகத் திருப்பினார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. துடிப்பு நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார். மருந்து கொடுத்து வலி வரவைத்தார்கள். மறுநாள் காலை ஒன்பது நாற்பதுக்குப் பெற்றேன். பெற்றேன் என்றுதான் சொல்வேன். மற்றவர்கள் "ஆயிடுச்சு", "போயிடுச்சு", "முடிஞ்சிடுச்சு" என்று என்னென்னவோ சொன்னார்கள். வலி எல்லோருக்கும் வருகிற அதே வலிதான். குழந்தை உயிரோடு இல்லை என்பதற்காக அதில் ஒரு தள்ளுபடியும் கிடையாது.

பிறந்த உடனே ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். "என்ன குழந்தை?" என்று கேட்டேன். "ரெஸ்ட் எடுங்கம்மா" என்றார் நர்ஸ். வார்டுக்குக் கொண்டுவந்த பிறகு டாக்டரைக் கேட்டேன். "உங்களுக்குச் சின்ன வயசுதானே" என்றார். நான் என் வயதைக் கேட்கவில்லை. என் மாமியாரைக் கேட்டேன். "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா?" என்று போர்வையை இழுத்துவிட்டார். கடைசியில் என் வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் தன் அண்ணனைப் பார்த்தார்.

அந்த அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அவருக்கு ஏற்பாட்டு அண்ணன் என்று பெயர். கல்யாணமா, சாவா, வீடு மாற்றுவதா, எதுவாக இருந்தாலும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நடுவில் நின்றுவிடுவார். அன்றைக்கும் அப்படித்தான். "எல்லாம் பேசியாச்சு. நாலு மணிக்கு வண்டி வருது. நான் கொண்டுபோய் அடக்கம் பண்ணிட்டு வந்துடறேன். நீங்க ரெண்டு பேரும் எதையும் பாக்க வேண்டாம். பாத்தா மனசு தாங்காது." நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களிடம் மாட்டிக்கொள்வதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் நேருக்கு நேர் திட்டிவிடலாம்.

"நான் பாக்கணும்" என்றேன்.

"பாக்காதம்மா" என்றார் மாமியார். "பாத்தா மறக்க முடியாது."

"மறக்கணும்னு யாரு சொன்னா அத்தை?"

மாமியார் எழுந்து போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அண்ணன் போனோடு வெளியே போனார். என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் லிஃப்ட் மெக்கானிக். முந்தின நாள் வேலையிலிருந்து நேராக ஓடிவந்தவர், நீலச் சட்டையை மாற்றவில்லை, தோளில் தொங்கிய கருவிப் பையைக்கூட இறக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு, "டீ குடிச்சிட்டு வரேன்" என்று தன் போனை என் தலையணைக்குக் கீழே சார்ஜில் போட்டுவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை. ஆள் நழுவிவிட்டார் என்றுதான் நினைத்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு, அவர் எதிரே இருந்திருந்தால் அந்தப் போனாலேயே அடித்திருப்பேன்.

எனக்குக் கொடுத்திருந்தது பதினோராவது கட்டில். பத்தாவது கட்டிலில், பிறந்து அரை நாள்கூட ஆகாத ஒரு பையன் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தான். அவனைப் பெற்ற பெண் பாவம், நான் பார்த்துவிடக் கூடாதே என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு திருட்டுத்தனமாகப் பால் கொடுத்தாள். அவளுக்கும் நிம்மதி இல்லை, எனக்கும் இல்லை. எந்தப் புண்ணியவான் என்னை இங்கே கொண்டுவந்து போட்டது என்று கேட்டால், யாரும் போடவில்லையாம், கட்டில் காலியாக இருந்ததாம்.

சிடுமூஞ்சி அக்கா அப்போதுதான் என் வாழ்க்கைக்குள் வந்தார். பத்தாவது கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மூலையில் மடக்கிக் கிடந்த பச்சைத் திரையைக் கரகரவென்று இழுத்துவந்து இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நிறுத்தி, என்னைச் சுற்றி வளைத்துவிட்டார். அதன் சக்கரம் ஒன்று சுற்றவில்லை. அதற்கு ஒரு திட்டு விழுந்தது. மேலே மின்விசிறி ஓடவில்லை. அதைச் சரிசெய்ய மூன்று வாரமாக வராத ஆளுக்கும் ஒரு திட்டு. போகிற போக்கில் என் காலடியில் கிடந்த வெந்நீர்ப் பையை எடுத்து இடுப்புக்குக் கீழே செருகிவிட்டு, "வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு. பல்லைக் கடிச்சிக்கிட்டுக் கிடந்தா யாரும் பரிசு தரப்போறதில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு மணிக்குப் பார்வையாளர் நேரம் தொடங்கியது. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் வரிசை கட்டினார்கள்.

முதலில் என் சித்தி. "கண்ணு பட்டிடுச்சு. ஊருக்கெல்லாம் சொல்லாதன்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார். ஊருக்கெல்லாம் சொன்னதே சித்திதான். அடுத்தது பக்கத்து வீட்டம்மா. "நல்ல வேளை, வளந்து ஆளாகிப் போகாம இப்பவே போச்சு" என்றார். அதில் என்ன நல்ல வேளையைக் கண்டாரோ. மூன்றாவது, என்னோடு கவுண்டரில் வேலை பார்ப்பவர். "அடுத்த வருஷம் இதே மாசம் கையில ஒண்ணு இருக்கும், பாரு" என்றார். ஆறு பத்து வண்டி போய்விட்டால் ஆறு நாற்பது வண்டியில் ஏறிக்கொள்ளலாம் என்பது போல.

எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பார்கள். இவர்கள் கையில் வேல் இருப்பதே தெரியாமல் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். எழுந்து ஓடவும் முடியாது, பொறுக்கவும் முடியாது. நாலு மணி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போது திரைக்கு அந்தப் பக்கம் சளக்கென்று தண்ணீர் கொட்டுகிற சத்தம்.

"எந்திரிங்க. தரை துடைக்கணும்."

"இப்பத்தானம்மா வந்தோம்" என்றார் சித்தி.

"நானும் இப்பத்தான் வந்தேன்."

"ஒரு பத்து நிமிஷம் பொறுத்து…"

"வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிஞ்சா எலும்பு வார்டு மூணாவது மாடியில இருக்கு. அங்க கட்டில் காலி இல்ல. அப்புறம் உங்க இஷ்டம்."

மூன்று பேரும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி வெளியேறினார்கள். அக்கா வாசலில் மஞ்சள் பலகையை விரித்து வைத்தார். "தரை காயட்டும், அப்புறம் வாங்க." பினாயில் வாடையில் எனக்குக் குமட்டியது. அதைச் சொன்னேன். "மூக்கைப் பொத்திக்க" என்றார்.

இந்த அம்மாவுக்கு ஈவு இரக்கமே கிடையாதா என்று அப்போது நினைத்தேன். கால் மணி நேரம் கழித்து இன்னொரு கூட்டம் எட்டிப் பார்த்தது. மறுபடி சளக். அதற்குப் பிறகும் ஒரு தலை தெரிந்தது. மறுபடி சளக். அரை மணி நேரத்தில் ஒரே இடத்தை மூன்று தடவை துடைக்கிற துப்புரவு இந்த உலகத்தில் எங்கேயும் நடக்காது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இதன் முன்கதையை ரொம்ப நாள் கழித்து அவரே சொன்னார். அவர் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வண்டி எங்கள் நிலையத்திலிருந்துதான் புறப்படும். வண்டி தாமதமானால் என் கவுண்டருக்கு வந்து, அதற்கு நான்தான் காரணம் என்பது போலச் சண்டை போடுவார். அப்படித்தான் பழக்கம் நிலைத்தது. அவர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம் நாலாவது கட்டிலில் ஒரு சின்னப் பெண்ணாம். குழந்தை தங்கவில்லை. பார்க்க வந்த ஒரு அம்மா, "எல்லாம் உன் ராசி" என்று சொல்லிவிட்டுப் பழம் உரித்துத் தின்றுகொண்டிருந்தாராம். அந்தப் பெண் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள் இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

"எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு" என்றார் அக்கா. "டாக்டர் போன்னா போவாங்க. நர்ஸ் போன்னா போவாங்க. நான் வாயைத் திறந்தா, உன் வேலையப் பாரும்பாங்க. சரின்னு என் வேலையப் பாத்தேன். ஒரு வாளித் தண்ணிய அந்தம்மா காலடியில கொட்டினேன். ஓட்டமா ஓடினாங்க. பெரிய டாக்டரே வாசல்ல நின்னு, 'காஞ்சதும் சொல்லும்மா'ன்னாரு. அட, இது தெரியாம ஒண்ணரை வருஷத்த வீணாக்கிட்டேனேன்னு இருந்துச்சு."

நான் ஒரு தடவை கேட்டேன், அவருக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா என்று. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று என் மனதில் ஒரு கதையே ஓடிக்கொண்டிருந்தது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இல்லியே. எனக்கு ரெண்டும் ஒழுங்காப் பொறந்துச்சு. ஒழுங்கா வளரலை, அது வேற. ஏன், பல்லு வலின்னு ஒருத்தர் துடிச்சா, நமக்கும் சொத்தை இருந்தாத்தான் பாவம் பாக்கணுமா?" மூத்தவன் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான், அம்மாவின் போனைத் தவிர எல்லாவற்றையும் சரிசெய்வான். சின்னவன் வேலை தேடிக்கொண்டிருக்கிறான், வீட்டைத் துடைப்பது அவன் பொறுப்பு. அக்கா தன் வீட்டில் மாப்பைத் தொடவே மாட்டார். வீட்டுக்காரர் வாட்ச்மேன். பகலெல்லாம் தூங்குவார், விழித்திருக்கிற நேரமெல்லாம் பேசுவார். இதுதான் அவருடைய குடும்பம். அவரிடம் சோகக் கதை எதுவும் இல்லை. பத்தொன்பது வருஷமாக மற்றவர்கள் ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்வதைப் பார்த்து வந்த எரிச்சல் மட்டும்தான் இருந்தது.

பிற்பாடு அந்த ஆஸ்பத்திரியில், குழந்தையை இழந்த தாயிடம் எப்படிப் பேசுவது என்று ஊழியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார்களாம். பெரிய திரை போட்டு, வெளியிலிருந்து ஆள் வரவழைத்து. அக்காவைக் கூப்பிட்டார்கள், டீ கொடுப்பதற்கு. "சுவர் பூரா நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிட்டாங்க. டேப்பைச் சுரண்டி எடுக்கறது யாரு?" என்று கவுண்டர் ஓட்டை வழியாக என்னிடம் கத்தினார். பின்னால் நின்றவர் அது எந்த ஊர் வண்டி என்று கேட்டார்.

சரி, கட்டிலுக்கு வருகிறேன். மூன்றாவது தடவை துடைத்து முடித்தபோது மணி மூன்று. வண்டி வர ஒரு மணி நேரம்தான் இருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"எனக்கு என்ன குழந்தை?"

மாப் நின்றது. "பொண்ணு" என்றார். "லேபர் ரூம் கழுவப் போனப்ப பாத்தேன். தலை நிறைய முடி." அவ்வளவுதான். ஐந்து மணி நேரத்துக்கு மேலாக நான் எல்லோரிடமும் கேட்டதற்கு ஒரே மூச்சில் பதில் முடிந்துவிட்டது. பிறகு அவருக்குக் கோபம் வந்தது. "ஏன், இதைக்கூட ஒருத்தரும் சொல்லலியா? இதுல என்ன ரகசியம் வாழுது?"

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. பொண்ணு, தலை நிறைய முடி என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதேன். அவர் தடுக்கவில்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. அழுது முடிக்கிறவரை பக்கத்தில் மாப்பைப் பிழிந்துகொண்டு நின்றார்.

"நான் பாக்கணும்க்கா."

"பாரேன். யாரு வேண்டாம்னது?"

"எல்லாரும்தான்."

"நீ யாருகிட்டக் கேட்ட?"

"எல்லார்கிட்டயும்."

"எல்லார்கிட்டயும் கேட்டா இப்படித்தான், ஆளாளுக்கு அடுத்தவங்க மூஞ்சியப் பாப்பாங்க. ஒருத்தரைப் புடிச்சிக்கணும். இரு, வரேன்."

கீழ்த்தளத்தில் ஒரு அறை. குழந்தையை அங்கேதான் வைத்திருந்தார்கள். பத்து நிமிஷத்தில் அக்கா திரும்பி வந்தார், மூக்கு விடைத்திருந்தது. "தகப்பன் கையெழுத்து வேணுமாம். பெத்தவ கேக்கறாய்யான்னு சொன்னேன். படிவத்துல பெத்தவளுக்குக் கட்டம் இல்லையாம். கட்டம் இல்லாமலா அவ பெத்தாள்னு கேட்டுட்டு வந்திருக்கேன். உன் புருஷன் எங்க?"

"தெரியல. டீ குடிக்கப் போனவர். போன் இங்கதான் இருக்கு."

"எப்படி இருப்பாரு?"

"ஒல்லியா, உயரமா இருப்பார். மீசை கிடையாது."

"ஊர்ல பாதி ஆம்பளைங்க அப்படித்தான் இருக்காங்க" என்று அலுத்துக்கொண்டார். விசாரணை கவுண்டரில் உட்கார்கிறவள் நான், என் புருஷனுக்கு அடையாளம் சொல்லத் தெரியவில்லை. நீலச் சட்டை, தோளில் பை என்று இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் போதும். தோன்றவில்லை.

தான் தேடப் போகிற நேரத்தில் யாரும் ஆறுதல் சொல்ல நுழைந்துவிடக் கூடாதே என்று, வாசலிலிருந்து என் கட்டில்வரை இன்னொரு வாளித் தண்ணீரை இழுத்துவிட்டார். வாசலில் யாரிடமோ அவர் பேசுவது திரைக்குள் எனக்குக் கேட்டது. "ஃபேன் ரிப்பேரா? மூணு வாரமா கூப்பிடறேன், இன்னிக்குத்தான் வழி தெரிஞ்சிதா? உள்ள வராதே. தரை காயற வரைக்கும் அங்கயே நில்லு." பரவாயில்லை, விசிறியாவது ஓடப்போகிறது என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

மூன்று இருபது. மூன்று முப்பது. அக்கா கேன்டீனைப் பார்த்தார், மருந்துக் கடை வரிசையைப் பார்த்தார், வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்தார். நடுவில் இரண்டு தடவை ஓடிவந்து, "இல்ல" என்று திரை வழியாகச் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அப்போதே முழங்கால் வலி. படி ஏறி இறங்குகிற ஒவ்வொரு தடவையும் என் வீட்டுக்காரரின் பரம்பரையையே திட்டுகிற சத்தம் வராந்தாவிலிருந்து வந்தது. நானும் என் பங்குக்கு மனதுக்குள் திட்டினேன். வாழ்க்கையிலேயே ஒரே ஒரு நாள், ஒரே ஒரு கையெழுத்து. அதற்குக்கூட ஆள் இல்லை என்றால் அப்புறம் என்ன புருஷன், என்ன குடும்பம். என் மகளை யாரோ வண்டியில் எடுத்துக்கொண்டு போகப்போகிறார்கள், நான் பினாயில் வாடையை முகர்ந்துகொண்டு படுத்திருக்கப்போகிறேன்.

மூன்று நாற்பதுக்கு அக்கா வராந்தா பெஞ்சில் இருந்த என் மாமியாரிடம் போய் நின்றார். "ஏம்மா, உங்க மகன் எங்கதான் போனாரு?"

என் மாமியார் அக்காவை நிமிர்ந்து பார்த்தார். நாலு மணிவரை இப்படியே ஓட்டியிருக்கலாம். அவர் நினைத்ததும் அதுதானே. ஆனால் முகவாயால் வாசலைக் காட்டினார். "அதோ நிக்கிறானே. நீங்கதானே நிறுத்தி வச்சிருக்கீங்க."

மஞ்சள் பலகைக்குப் பக்கத்தில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தோளில் பையோடு, அரை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார் என் வீட்டுக்காரர்.

வேறு எந்த மனிதனாக இருந்தாலும் அந்த ஈரத்தைத் தாண்டி வந்திருப்பான். இவர் வரமாட்டார். 'பழுது பார்க்கும் பணி, உள்ளே வராதீர்கள்' என்று தினம் பலகை வைக்கிறவர் அவர். அதை மதிக்காமல் லிஃப்டில் ஏறுகிறவர்களைப் பற்றி ராத்திரி சாப்பாட்டின்போது மணிக்கணக்கில் புலம்புவார். அவருக்குப் பலகை என்றால் பலகைதான்.

"நீதான் புருஷனா?" அக்காவின் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. "உன்னத் தேடி என் முட்டி தேஞ்சுபோச்சு. வாயத் திறந்து சொல்லக் கூடாதா?"

"போர்டு இருந்துச்சு" என்றார் அவர். பிறகு, "எதுக்கும் குரல் வரலைங்க. அவகிட்ட சொல்லணும்னுதான் வந்தேன். அண்ணன் சொன்னதுக்குத் தலையாட்டிட்டேன். தப்புப் பண்ணிட்டேன். எனக்கும் குழந்தையப் பாக்கணும்" என்றார். திரைக்குள் படுத்திருந்த எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"அழுறத அப்புறம் அழலாம். பேனா இருக்கா? ஓடு."

இரண்டு பேரும் ஓடினார்கள். மூன்று ஐம்பத்திரண்டுக்குத் திரை விலகியது. முதலில் அக்கா. ஒரு பச்சைத் துணியில் சுற்றி, கழுத்துக்குக் கை கொடுத்து, உயிருள்ள குழந்தையைத் தூக்குகிற மாதிரியே தூக்கி வந்தார். பின்னால் அவர், வெறுங்காலோடு. செருப்பைக் கீழே எங்கேயோ விட்டுவிட்டார்.

"சில்லுனு இருக்கும், பயப்படாத" என்றார் அக்கா. "தலையை இந்தக் கையில வச்சிக்க. ஆங், அப்படித்தான்."

ஒரு படி அரிசி எடைகூட இல்லை. முடி கறுகறுவென்று நெற்றியில் ஒட்டியிருந்தது. உதடு மட்டும் கறுத்திருந்தது. விரலில் நகம் இருந்தது, பத்து விரலிலும். காது இரண்டும் விடைத்துக்கொண்டு அப்படியே என் வீட்டுக்காரரின் காது. அதைச் சொன்னேன். அவர் தன் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கட்டிலில் தலையைச் சாய்த்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். பார்த்தால் மனசு தாங்காது என்றார்களே, தாங்கியது. பார்க்காமல் இருந்த ஆறு மணி நேரம்தான் தாங்கவில்லை. என் மகளை நான் நன்றாகப் பார்த்தேன். ஒவ்வொரு விரலாகப் பார்த்தேன்.

இன்னும் போதவில்லை. கால் விரல்களைப் பார்க்கத் துணியை விலக்கினேன். அப்போது வராந்தாவில் ஏற்பாட்டு அண்ணனின் செருப்புச் சத்தம் கேட்டது. சரியாக நாலு மணி. "வண்டி வந்தாச்சு. டிரைவர் நிக்க மாட்டேங்கறான்" என்று சொல்லிக்கொண்டே வருகிறார்.

அக்கா திரையை அரைகுறையாக விட்டுவிட்டு வாசலுக்குப் போனார். இடைவெளி வழியாக எனக்கு வாசல் தெரிந்தது. வாளியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மாப்பும் காய்ந்திருந்தது. அதைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றார்.

"தரை ஈரமா இருக்கு. காயட்டும்."

அண்ணன் குனிந்து பார்த்தார். தரை காய்ந்து ரொம்ப நேரமாகியிருந்தது. வெயில் விழுந்து பளிச்சென்று கிடந்தது. செருப்பு நுனியால் தேய்த்துப் பார்த்தார். பிறகு பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். "என்னம்மா இது? எங்க இருக்கு ஈரம்?"

என் மாமியார் தரையைப் பார்த்தார். திரை இடைவெளி வழியாக என்னைப் பார்த்தார், என் கையில் இருந்ததைப் பார்த்தார். பிறகு தன் இரண்டு கால்களையும் மெதுவாகத் தூக்கி பெஞ்சின்மேல் மடக்கி வைத்துக்கொண்டார்.

"ஈரமாத்தான்டா இருக்கு" என்றார். "வழுக்கும். நீ இப்படி வந்து உக்காரு."

அன்றைக்கு ஐந்தரை மணிவரை அந்தத் தரை காயவில்லை.